கார்னிவல் கப்பல் சாக்லேட் கேக்: வந்ததும் குத்துங்கள்

கார்னிவல் என்ற சுற்றுலாக் கப்பல் நிறுவனத்தின் கப்பல்களில், பிரதான உணவுக்கூடத்தில் 'வார்ம் சாக்லேட் மெல்ட்டிங் கேக்' மேசைக்கு வந்ததும், மேலோட்டைக் கரண்டியால் உடைத்து, கூட வரும் வெனிலா ஐஸ்கிரீமை அந்தக் குழிக்குள் இறக்குங்கள். போட்டோ எல்லாம் அப்புறம். பீங்கான் கிண்ணம் சூட்டைப் பிடித்து வைத்திருப்பதால், அடுப்பை விட்டு வந்த பின்னும் முட்டை கலந்த நடுப்பகுதி வெந்துகொண்டே இருக்கும். ஐந்தாறு நிமிடம் விட்டால், கூழாக வழிய வேண்டியது சாதாரண கேக்காக இறுகிவிடும். ஐஸ்கிரீம் அந்தச் சூட்டைத் தணிக்கும். சுடச்சுடச் சாப்பிட்டால், பேரைக் காப்பாற்றுகிற இனிப்புதான் இது.

குத்தும்போதே உள்ளே ஈரமில்லை என்றால் ஐஸ்கிரீம் போட்டும் பயனில்லை. தயங்காமல் இதே கேக்கில் இன்னொன்று கேளுங்கள். அங்கே இதற்குத் தனிக் கட்டணம் கிடையாது.