சைனாவைப் பத்திப் பேசும்போது நாம திரும்பத் திரும்பப் பண்ற தப்புகள்

2008, 2009 வாக்குல நம்ம ஊர்ல "சைனா செட்"னு ஒரு போன் சுத்துச்சே, ஞாபகம் இருக்கா? பின்னாடி வரிசையா ஸ்பீக்கர், இழுத்தா நீளுற டிவி ஆன்டெனா, ரெண்டு சிம், பெட்டிக்குள்ள கூடுதலா ஒரு பேட்டரி. பேரு மட்டும் நோக்கியாவுல ஒரு எழுத்தை மாத்தி நோக்லான்னு இருக்கும். எங்க மாமாகிட்ட ஒண்ணு இருந்துச்சு, பஸ்ல ரிங் ஆனா முன் சீட்ல இருக்கறவங்கல்லாம் திரும்பிப் பாப்பாங்க. 2009 கடைசில ஐஎம்இஐங்கற, ஒவ்வொரு போனுக்கும் தனியா இருக்கற அடையாள நம்பர் இல்லாத போனுக்கெல்லாம் அரசாங்கம் கனெக்‌ஷனை நிறுத்தினதும் அந்த செட்டு மூலைக்குப் போயிடுச்சு. நானும் பல வருஷம் அதை டூப்ளிகேட்னு சொல்லிக்கிட்டுதான் இருந்தேன். ஸ்பேர் பார்ட்ஸ் வியாபாரத்துக்கு வந்தப்புறம்தான் நான் எவ்ளோ தப்பா பாத்திருக்கேன்னு புரிஞ்சுது.

முதல் தப்பு அதுதான், "அவங்களுக்கு காப்பி அடிக்க மட்டும்தான் தெரியும்"னு முடிவு பண்றது. கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க, மாமா கையில ரெண்டு சிம் போன் இருந்தப்ப ஷோரூம்ல நோக்கியா ரெண்டு சிம் போன் விக்கவே இல்ல, 2010லதான் அறிவிச்சாங்க. ரெண்டு கம்பெனி ஆஃபரையும் ஒரே போன்ல யூஸ் பண்ணணும்ங்கற நம்ம தேவையை, பேரைத் திருடின அந்தப் போன் நோக்கியாவுக்கு முன்னாடியே கவனிச்சுச்சு. இந்த மாதிரி சரக்குக்கு சைனாவுல ஷான்ஜாய்னு பேரு, நேர் அர்த்தம் மலைக்கோட்டை, அதாவது அதிகாரத்துக்கு எட்டாத கொள்ளைக்காரங்க தங்குற இடம். தைவான் கம்பெனி மீடியாடெக் போனுக்கு வேண்டிய சிப், சாஃப்ட்வேர் எல்லாத்தையும் ஒரே செட்டா குடுக்க ஆரம்பிச்சதும் சின்னச் சின்ன டீம் கூட சில மாசத்துல ஒரு புது மாடலை இறக்கிட முடிஞ்சுது, விக்கலன்னா அடுத்தது. தென் சைனாவுல ஷென்ஜென் நகரத்துல இருக்குற டிரான்ஷன்னு ஒரு கம்பெனி இதே வழியில ஆப்பிரிக்கா போய், கறுப்பு நிறத் தோல் போட்டோல தெளிவா விழற மாதிரி கேமராவை செட் பண்ணி, டெக்னோங்கற பேர்ல வித்து அந்த மார்க்கெட்டையே பிடிச்சுட்டாங்க. பெரிய பிராண்டுங்க அதை அவ்வளவா கண்டுக்கல.

ஷென்ஜென்ல ஹுவாச்சியாங்பெய்ங்கற எலக்ட்ரானிக்ஸ் மார்க்கெட்டுக்கு நான் போயிருக்கேன். பத்து மாடி பில்டிங்குக்குள்ள ஒரு மீட்டர் அகல கண்ணாடி கவுண்டருங்க வரிசை வரிசையா. ஒரு அக்கா ட்வீசரை வெச்சு சிப்பைப் பொறுக்கி ரீல்ல ஒட்டிக்கிட்டே, இடது கையால கால்குலேட்டர்ல விலையைத் தட்டி என் பக்கம் திருப்புனாங்க, கவுண்டருக்குக் கீழ ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல்ல அவங்க பையன் ஹோம்வொர்க் எழுதிட்டு இருந்தான். ஒரு கனெக்டர் நான் கேட்ட அளவுல இல்ல. உடனே போனை எடுத்து யார்கிட்டயோ பேசினாங்க, மறுநாள் காலையில சாம்பிள் கைக்கு வந்துடுச்சு. புதுசா ஒண்ணு பண்ணணும்னு மனசுல தோணுறதுக்கும் அது கைக்கு வர்றதுக்கும் நடுவுல இருக்குற நாளை இவ்ளோ குறைச்சு வெச்சிருக்காங்க பாருங்க, படைப்புத்திறனை நான் அங்கதான் பாத்தேன், பேட்டன்ட் லிஸ்ட்ல தேடுனா இது கண்ணுக்குத் தெரியாது.

2014ல அன்னிக்கு அமெரிக்க துணை ஜனாதிபதியா இருந்த ஜோ பைடன், சைனாவுல இருந்து வந்த புதுமையான பொருள் ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க பாப்போம்னு ராணுவ மாணவர்கள் முன்னாடி சவால் விட்டாரு. அப்ப சைனாவோட மெசேஜ் ஆப் வீசாட் வந்து மூணு வருஷம் ஆச்சு, அந்த வருஷ சைனீஸ் புத்தாண்டுலதான் சிவப்புக் கவர்ல பணம் குடுக்கற பழக்கத்தை அதுக்குள்ள கொண்டு வந்து ஜனங்களை போன்ல பணம் அனுப்ப வெச்சிருந்தாங்க. க்யூஆர் கோடு ஜப்பான்காரங்க 1994ல கண்டுபிடிச்சது, ஆனா தெருவோர காய்கறிக்காரர் வரைக்கும் அதை பெரிய அளவுல கொண்டு போனது சைனா. காப்பிங்கற இந்தப் பழி புதுசும் இல்ல. 1887ல பிரிட்டிஷ்காரங்க சட்டம் போட்டு "மேட் இன் ஜெர்மனி"ன்னு எழுத வெச்சதே, அது மட்டமான நகல் சரக்குன்னு வாங்கறவங்களுக்குத் தெரியணும்னுதான்.

இதுக்கு நேர் எதிர்ல இன்னொரு தப்பு இருக்கு, சைனாக்காரங்க எல்லாரும் ஆயிரம் வருஷம் முன்னாடி யோசிக்கற ஞானிங்கன்னு நம்புறது. 1972ல அமெரிக்க ஜனாதிபதி நிக்சன் சைனா போனப்ப, 1789 பிரெஞ்சுப் புரட்சியோட விளைவைப் பத்திக் கேட்டதுக்கு சைனா பிரதமர் சூ என்லாய் "இப்பவே சொல்ல முடியாது"ன்னாராம்னு மேடைக்கு மேடை சொல்றாங்க. அங்க மொழிபெயர்ப்பாளரா இருந்த சாஸ் ஃப்ரீமன் 2011ல விளக்கிட்டாரு, பேச்சு வந்தது 1968 பாரிஸ் மாணவர் போராட்டத்தைப் பத்தி, நாலே வருஷம் முன்னாடி நடந்தது. அதே மாதிரிதான் "சைனீஸ்ல ஆபத்து, வாய்ப்பு ரெண்டும் சேந்ததுதான் நெருக்கடிங்கற வார்த்தை"ங்கற மோட்டிவேஷன் வசனமும். நெருக்கடிக்கு சைனீஸ்ல வேய்ஜி, அதுல இருக்குற ஜிக்கு அந்த இடத்துல திருப்பம், முக்கியமான கட்டம்னுதான் அர்த்தம். தயவு செஞ்சு இதை இனிமே ஸ்டேட்டஸ்ல வைக்காதீங்க.

எனக்கு ரொம்ப வருத்தம் தர்றது, 140 கோடி பேரை ஒரே ஆளா பேசுறது. "சைனா நினைக்குது, சைனா பிளான் பண்ணுது"ன்னு. 1978ல அன்ஹுய் மாகாணத்துல சியாவோகாங்னு ஒரு கிராமத்துல 18 விவசாயிங்க கம்யூன்ங்கற கூட்டுப் பண்ணை நிலத்தைக் குடும்பத்துக்குக் குடும்பம் பிரிச்சுக்கலாம்னு ரகசியமா ஒரு தாள்ல கையெழுத்தும் கைநாட்டும் வெச்சாங்க, மாட்டிக்கிட்டா ஜெயிலுக்குப் போறவங்க பிள்ளைங்களை மத்தவங்க வளக்கணும்னு அதுலயே எழுதி வெச்சிருந்தாங்க. பசி அப்படி. அந்த மாதிரி முறைதான் அப்புறம் நாடு முழுக்கக் கொள்கையாச்சு. மேலருந்து உத்தரவு வந்துதான் எல்லாம் நடக்கும்னு நினைக்கறவங்க இந்தத் தாளை மறந்துடறாங்க.

"ஒவ்வொரு ஆளுக்கும் மார்க் போட்டு, குறைஞ்சா பஸ் கூட ஏற விடமாட்டாங்க"ன்னு வர்ற வீடியோவும் இந்த ரகம்தான். 2014ல சோஷியல் கிரெடிட் திட்டம்னு ஒண்ணு அறிவிச்சது உண்மை, சில ஊர்கள்ல பாயின்ட் முறையை சோதிச்சதும் உண்மை. ஆனா நாட்டுக்கே பொதுவா ஆளாளுக்கு ஒரு ஸ்கோர்னு எதுவும் இல்ல. கோர்ட் தீர்ப்பு வந்தும் கடனைக் கட்டாதவங்க லிஸ்ட் இருக்கு, அதுல பேர் இருந்தா ஃபிளைட்லயும் ஹைஸ்பீடு ரயில்லயும் டிக்கெட் கிடைக்காது. அதுக்காக அங்க கண்காணிப்பு இல்லன்னு நான் சொல்லல, நிறைய இருக்கு, இல்லாததைச் சொன்னா இருக்கறதும் கதை மாதிரி ஆயிடும்னுதான் கவலைப்படறேன்.

சுதந்திரம் இல்லாத இடத்துல புதுமையே வராதுன்னு நினைச்சதும் தப்பாப் போச்சு. சைனா இன்டர்நெட்டைக் கட்டுப்படுத்தறது சுவத்துல ஜெல்லியை ஆணி அடிச்சு நிறுத்தற மாதிரின்னு 2000த்துல அமெரிக்க ஜனாதிபதி கிளின்டன் சொன்னாரு. சைனா அரசாங்கம் அந்த ஜெல்லியை நிறுத்தியே காட்டிடுச்சு, அந்தக் கட்டுப்பாட்டுக்குள்ளயே பெரிய கம்பெனிங்களும் வளந்துச்சு. ஆனா இதை வெச்சு "அப்போ கட்டுப்பாடு நல்லதுதான்"னு கைதட்டறது இன்னும் பெரிய தப்பு. 2020 அக்டோபர்ல அலிபாபா நிறுவனர் ஜாக் மா நிதித்துறை கட்டுப்பாடுகளை குறை சொல்லிப் பேசினாரு, நவம்பர்ல அவரோட ஆன்ட்ங்கற பணப் பரிமாற்ற கம்பெனியோட பங்கு வெளியீடே நின்னு போச்சு. 2018ல மீ டூன்னு எழுதினா அழிச்சாங்க, பொண்ணுங்க சைனீஸ்ல அதே ஓசை வர்ற மாதிரி "சோறு, முயல்"னு எமோஜி போட்டுப் பேசினாங்க. 2022 நவம்பர்ல லாக்டவுனை எதிர்த்து தெருவுக்கு வந்த பசங்க கையில எதுவுமே எழுதாத வெள்ளைத்தாள். அந்தத் தாளைப் பிடிச்ச கைக்கு எவ்ளோ தைரியம் வேணும்!

எதிர்காலத்தைப் பத்தி ஆரூடம் சொல்றவங்க ரெண்டு கட்சி, நாளைக்கே விழுந்துடும், நாளைக்கே உலகத்தை ஆளும். விழுந்துடும்னு 25 வருஷமா சொல்றாங்க. ஆளும்னு சொல்றவங்க, 2022ல ஜனத்தொகை குறைய ஆரம்பிச்சதைப் பாக்கறது இல்ல, 1961க்கு அப்புறம் அதான் முதல் தடவை. 2023 ஜூன்ல நகரத்து இளைஞர்கள்ல வேலை தேடியும் கிடைக்காதவங்க 21.3 சதவீதம், அதுக்கப்புறம் சில மாசம் அந்தக் கணக்கை வெளியிடறதையே நிறுத்தி, முறையை மாத்தித்தான் திரும்ப வெளியிட்டாங்க. அங்க இருக்குற பசங்களே இதுக்கு வார்த்தை வெச்சிருக்காங்க. எவ்ளோ ஓடினாலும் நின்ன இடத்துலயே நிக்கற போட்டிக்கு நேய்ஜுவான், போதும்டா சாமின்னு அதுல இருந்து விலகிப் படுத்துக்கறதுக்கு தாங்பிங். எதிர்காலத்தைத் தெரிஞ்சுக்க ஆசைப்பட்டா ஜிடிபி கிராஃபுக்கு முன்னாடி இந்த ரெண்டு வார்த்தையைக் கேளுங்க.

ரெண்டாவது தடவை நான் ஹுவாச்சியாங்பெய் போனப்ப பழைய போன் கவுண்டர் பலதுல மேக்கப் சாமான் வித்துட்டு இருந்தாங்க. சிப் அக்கா மட்டும் அதே இடத்துல இருந்தாங்க. ஸ்டூல் காலியா இருந்துச்சு, பையன் எங்கன்னு கேட்டேன். ஹைஸ்கூல்ல ஹாஸ்டல், காலேஜ் என்ட்ரன்ஸுக்குப் படிக்கறான், மாசத்துல ஒரு நாள்தான் வருவான்னு போன்ல மொழிபெயர்த்துக் காட்டினாங்க. உங்க தொழிலுக்கு வருவானான்னு கேட்டதுக்கு வேகமா கையை ஆட்டி வேண்டாம்னுட்டு, அடுத்த ரீலை எடுத்தாங்க.