ஜெர்மனிக்குப் போகிற கிருஷ்ணகிரி, தர்மபுரிப் பிள்ளைகளுக்கு: எந்தக் கார், எப்போது

ஒவ்வொரு ஜூன் மாதமும் மாம்பழத்துக்காகவே கிருஷ்ணகிரிக்கு லீவில் வந்துவிடுவேன். வந்த அன்றே பக்கத்துத் தோப்பு மாமா கேட்டுவிடுவார்: “ஏம்பா, பத்து வருஷமா பென்ஸ் ஊர்லயே குந்திக்கினு இருக்க, இன்னும் ஒரு பென்ஸ் வாங்கல?” இந்த வருடம் அவர் வீட்டுத் திண்ணையில் இரண்டு பையன்களும் இருந்தார்கள். ஒருவன் பர்கூரில் இன்ஜினியரிங் முடித்தவன். இன்னொருவனுக்குச் சொந்த ஊர் பாலக்கோடு, வேலை ஓசூரில். இருவரும் செப்டம்பரில், நான் இருக்கும் பென்ஸ் ஊரான ஸ்டுட்கார்ட்டுக்கு வருகிறார்கள். வீட்டு வாடகை, குளிர் இதையெல்லாம் கேட்பார்கள் என்று பார்த்தால், முதல் கேள்வியே “அண்ணா, பிஎம்டபிள்யூவா, ஆடியா?” அன்று மூன்று மணி நேரம் பேசியதன் சாரம்தான் இது.

முதல் ஆறு மாதம் எதையும் வாங்காதீர்கள். நம் ஊர் லைசென்ஸ் அங்கே குடியேறிய நாளிலிருந்து ஆறு மாதம்தான் செல்லும். அதன்பிறகு எழுத்துத் தேர்வு, ஓட்டும் தேர்வு இரண்டையும் பாஸ் செய்தால்தான் ஜெர்மன் லைசென்ஸ். இத்தனை வகுப்பு போயே ஆகவேண்டும் என்ற கட்டாயம் நமக்கு இல்லை. ஆனால் ஓட்டுநர் பள்ளி மூலமாகத்தான் தேர்வுக்குப் போக முடியும். எழுத்துத் தேர்வை ஆங்கிலத்தில் எழுதலாம், தமிழில் கிடையாது. இருபது வருடம் தொப்பூர் கணவாயில் வண்டி ஓட்டியவர்கூட அங்கே தோற்றுப்போவார். போர்டு எதுவும் இல்லாத தெருமுனையில் வலப்பக்கம் வருபவருக்கே முதல் வழி என்ற விதியை மறந்து நேராகப் போனால், கதை அங்கேயே முடிந்தது. அதுவரை நாடு முழுக்க டவுன் பஸ், டிராம், பாசஞ்சர் ரயிலுக்குச் செல்லும் மாதப் பாஸ் இருக்கிறது. 2025-இல் அதன் விலை 58 யூரோ.

இனி மாமாவின் கேள்விக்கு வருகிறேன். ஊரில் பென்ஸ் என்றால் பென்ஸ், அவ்வளவுதான். அங்கே யாரிடமாவது பென்ஸ் வைத்திருக்கிறேன் என்று சொன்னால், “எது?” என்று கேட்பார்கள். ரயில்வே ஸ்டேஷன் வாசலில் வரிசையாக நிற்கும் டாக்சிகளில் பாதிக்குமேல் பென்ஸ் இ-கிளாஸாக இருக்கும் நாளும் உண்டு. நம் ஊரில் கல்யாணத்துக்கு வாடகைக்கு எடுத்து மாலை போடுகிற வண்டி அது! இதைச் சொன்னதும் பாலக்கோட்டுப் பையன் முகம் கொஞ்சம் வாடிவிட்டது.

பென்ஸ், பிஎம்டபிள்யூ, ஆடி மூன்று கம்பெனிகளுமே படிக்கட்டு மாதிரிதான் வண்டி செய்கின்றன. அடிப்படியில் மெர்சிடிஸ் ஏ-கிளாஸ், பிஎம்டபிள்யூ 1 சீரிஸ், ஆடி ஏ3. புதிதாக வாங்கினால் 30 முதல் 40 ஆயிரம் யூரோ வரை என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்தப் படியில் நீங்கள் பெரும்பாலும் முகப்பில் இருக்கும் சின்னத்துக்குத்தான் காசு கொடுக்கிறீர்கள். ஆடி ஏ3-க்கும் ஃபோக்ஸ்வாகன் கோல்ஃபுக்கும் ஸ்கோடா ஆக்டேவியாவுக்கும் அடித்தளம் ஒன்றுதான். ஏ-கிளாஸில் வந்த 1.3 லிட்டர் பெட்ரோல் இன்ஜின் ரெனோவோடு சேர்ந்து உருவாக்கியது. பின்சக்கரம் தள்ளுவதுதான் எங்கள் அடையாளம் என்று சொல்லிவந்த பிஎம்டபிள்யூவும் 2019-இல் வந்த 1 சீரிஸை முன்சக்கர வண்டியாக்கிவிட்டது. வண்டிகள் மோசமில்லை. ஆனால் அந்தக் காசுக்கு ஆக்டேவியா எடுத்தால் டிக்கியில் நான்கு பெட்டியும் அரிசி மூட்டையும் போகும். நம் ஆட்களுக்கு அது முக்கியம்.

அடுத்த படிதான் என் கணக்கில் சரியான இடம்: சி-கிளாஸ், 3 சீரிஸ், ஆடி ஏ4. புதிது 45 ஆயிரத்தையொட்டித் தொடங்கும். சீட் சூடேற்றி, கேமரா, நல்ல விளக்கு என்று ஒவ்வொன்றாகச் சேர்த்தால் 60 ஆயிரத்தைத் தொட்டுவிடும். ஜெர்மனியில் விலைப்பட்டியல் மொட்டையாகத்தான் தொடங்கும் என்பதை நினைவில் வையுங்கள். ஓட்டுகிற சந்தோஷம் வேண்டுமென்றால் 3 சீரிஸ். சொகுசாக உட்கார்ந்து போக சி-கிளாஸ். பனிக்காலத்தில் மலைப்பக்கம் வேலைக்குப் போகிறவர்களுக்கு நான்கு சக்கரமும் இழுக்கும் ஏ4 குவாட்ரோ. பெயரில் ஏமாறக் கூடாது: இப்போதைய 318, 320, 330 மூன்றிலும் பெட்ரோல் இன்ஜின் 2 லிட்டர், நான்கு சிலிண்டர்தான், சக்தி மட்டும்தான் கூடக் குறைய. சி 200-இல் இருப்பது 1.5 லிட்டர். ஆடி இன்னொரு குழப்பம் செய்தது. இரட்டைப்படை எண் மின்சாரக் காருக்கு, ஒற்றைப்படை பெட்ரோல், டீசலுக்கு என்று முடிவெடுத்து, 2024-இல் ஏ4-இன் இடத்துக்கு ஏ5 என்று பெயர் வைத்தார்கள். 2025-இல் அந்த யோசனையையே கைவிட்டார்கள். அதனால் பழைய ஏ4-உம் புதிய ஏ5-உம் ஒரே படி.

ஸ்டுட்கார்ட்டிலிருந்து ஊல்ம் போகும் ஏ8 சாலையில் மலை ஏறும் இடம் வந்தாலே எனக்குத் தொப்பூர்தான். அங்கே 318-இல் குடும்பத்தோடு ஏறியிருக்கிறேன்; வண்டி மூச்சு வாங்கவில்லை. பெரிய இன்ஜின் எதற்கென்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

அதற்கும் மேலே இ-கிளாஸ், 5 சீரிஸ், ஏ6. புதிது 60 ஆயிரம் பக்கம். இவற்றில் பெரும்பகுதி கம்பெனிகள் அதிகாரிகளுக்குக் கொடுக்கும் வண்டி. மூன்று வருடம் கழித்து விலை நன்றாக இறங்கிச் சந்தைக்கு வரும். இங்கேதான் நான் மாட்டினேன். வந்த இரண்டாவது வருடம், புதிய அடிப்படி வண்டியின் விலையில் பாதிக்கு எட்டு வயதுப் பெரிய டீசல் ஒன்று கிடைத்தது. விற்றவர் தனி ஆள். ஒப்பந்தத்தில் பழுதுக்குப் பொறுப்பேற்க மாட்டேன் என்று ஒரு வரி இருந்தது. எனக்கு அப்போது ஜெர்மன் அரைகுறை. நான்காவது மாதம் காலையில் பார்த்தால் வண்டி பின்பக்கம் எருமை மாதிரி படுத்துக்கிடக்கிறது. ஏர் சஸ்பென்ஷன் போய்விட்டது. விலை பாதியானாலும் ரிப்பேர் பில் முழு விலை வண்டிக்குரிய பில்தான். தனி ஆள் பழைய வண்டியை விற்கும்போது பொறுப்பை விலக்கிக்கொள்ளச் சட்டம் இடம் தருகிறது. டீலர் அப்படி முழுதாகக் கைகழுவ முடியாது. கொஞ்சம் அதிகம் கேட்டாலும் டீலரிடமே வாங்குங்கள். விபத்தில் சிக்காத வண்டி என்பதை ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள். சர்வீஸ் புத்தகத்தையும், வண்டி ரோட்டில் ஓடத் தகுதியானதா என்று இரண்டு வருடத்துக்கு ஒருமுறை பார்க்கும் டூஃப் சோதனை எந்த மாதம்வரை செல்லும் என்பதையும் பாருங்கள்.

எஸ்-கிளாஸ், 7 சீரிஸ், ஏ8 பற்றிக் கேட்காதீர்கள். லட்சம் யூரோவுக்கு மேல். ரோட்டில் பார்த்து ரசிக்கலாம்.

‘யாரஸ்வாகன்’ என்ற சொல்லைத் தெரிந்துகொள்ளுங்கள். ஒரு வருட வண்டி என்று பொருள். ஃபேக்டரி ஊழியர்கள் தள்ளுபடியில் எடுத்து ஒரு வருடம் ஓட்டிவிட்டு விற்பது. பென்ஸ் ஃபேக்டரி இருக்கும் சிண்டெல்ஃபிங்கன், ஆடி ஃபேக்டரி இருக்கும் இங்கோல்ஸ்டாட் பக்கம் நிறையக் கிடைக்கும்.

விலை மட்டும் பார்த்துக் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். வரியில் 100 சிசிக்குப் பெட்ரோலுக்கு 2 யூரோ, டீசலுக்கு 9.50 யூரோ. அதாவது 2 லிட்டர் வண்டிக்கு வருடம் 40, டீசலென்றால் 190. கரியமில வாயுவுக்கான வரி தனி. இன்சூரன்ஸில் புதியவர் கீழ்ப்படியிலிருந்துதான் தொடங்குவார். அதே ஆள், அதே ஊர், மாடலை மாற்றினால் பிரீமியம் மாறும். வண்டியைப் பார்க்கப் போகும் முன்பே இன்சூரன்ஸ் விலை கேட்டுவிடுங்கள். டயர் இரண்டு செட் வேண்டும். அக்டோபரிலிருந்து ஈஸ்டர் வரை பனி டயர் என்பது அங்கத்து வழக்கு. 2024 அக்டோபர் முதல் மலையும் பனித்துளியும் சேர்ந்த குறி உள்ள டயர்தான் செல்லும். பனியில் அது இல்லாமல் பிடிபட்டால் 60 யூரோ அபராதமும், ஓட்டுநர் பதிவில் ஒரு குற்றப் புள்ளியும். படி ஏற ஏற டயர் அகலமாகும், விலையும் ஏறும்.

“சரிப்பா, நீ இப்ப இன்னாதான் வச்சிருக்க?” என்றார் மாமா. நான்கு வயதில் வாங்கிய நடுப்படி வண்டி, பின்பக்கம் நீண்ட ஸ்டேஷன் வேகன். பென்ஸ்தான், ஆனால் டாக்சிக்கு ஒரு படி கீழே. 10 யூரோ சொச்சம் கட்டினால் நம்பர் பிளேட்டில் விரும்பிய எண் கிடைக்கும். நான் கிருஷ்ணகிரி வண்டிகளின் 24-ஐ வாங்கினேன். எங்கள் தெருவிலேயே ஒரு தர்மபுரிக்காரர் 29 வைத்திருக்கிறார். பாலக்கோட்டுப் பையன் அதைமட்டும் போனில் குறித்துக்கொண்டான்.