நகரத் திட்டத்தில் உணவுக்கு இடம் வாங்கித் தருவது எப்படி?

நகரத் திட்டம் வரையும்போது பள்ளிக்கும் பூங்காவுக்கும் வண்டி நிறுத்தத்துக்கும் இடம் குறிக்கிறார்கள். காய்கறி விளையும் இடத்துக்குத் திட்ட வரைபடத்தில் பெரும்பாலும் தனி நிறமே கிடையாது. அங்கே தோட்டம் போட்டாலும் ஆவணத்தில் அது காலிமனைதான். அடுத்த கட்டட விண்ணப்பம் வந்ததும் காணாமல் போய்விடும். எனவே எந்த நிலத்தை எதற்குப் பயன்படுத்தலாம் என்று சொல்லும் நிலப் பயன்பாட்டு விதியிலேயே தோட்டத்தைச் சேர்க்க வேண்டும்.

முதலில் ஒரே ஒரு வார்டை எடுத்து, அதிலுள்ள காலி நிலங்களைப் பட்டியலிடுங்கள்: உரிமையாளர், பரப்பு, தண்ணீர்க் குழாய் எவ்வளவு தூரம், முன்பு அங்கே என்ன இருந்தது. தினமும் 6 மணி நேரமாவது நேரடி வெயில் விழாத இடத்தை நீக்கிவிடலாம். கட்ட உதவாத நிலங்களை விடாதீர்கள். அர்ஜென்டினாவின் ரொசாரியோ நகரம் 2002-இல் தொடங்கிய திட்டத்தில் ரயில்பாதை ஓரங்களும் தண்ணீர் தேங்கும் தாழ்நிலங்களும்கூடத் தோட்டங்களாயின.

அடுத்தது மண் சோதனை. இதில் அவசரப்பட்டால் சாப்பிடுகிறவர்கள் உடம்புதான் விலை கொடுக்கும். பழைய பெட்ரோல் பங்க், பேட்டரிப் பட்டறை, ஈயப் பெயின்ட் உதிர்ந்த சுவர், போக்குவரத்து மிகுந்த சாலையோரம் ஆகிய இடங்களில் ஈயம் தங்கியிருக்கும். 15 செ.மீ. ஆழம்வரை 10, 12 இடங்களில் மண் எடுத்துப் பிளாஸ்டிக் வாளியில் கலந்து, அரைக் கிலோவை நிழலில் உலர்த்தி ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். சுவரடி மண்ணையும் சாலையோர மண்ணையும் தனித்தனியாகவே அனுப்ப வேண்டும். எல்லாவற்றையும் ஒன்றாகக் கலந்தால் சராசரி குறைந்து, கெட்ட இடம் மறைந்துபோகும். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை, குடியிருப்பு மண்ணில் ஈயத்துக்கான எச்சரிக்கை அளவை 2024-இல் 400 பிபிஎம்-இலிருந்து (பத்து லட்சத்தில் 400 பங்கு) 200 ஆகக் குறைத்தது. அதைத் தாண்டினால் தரையில் துணி விரித்து, மேலே 30 செ.மீ. நல்ல மண் கொட்டி மேடைப்பாத்தி அமையுங்கள். கீரையையும் கிழங்கையும் தவிர்த்துக் காய்க்கும் பயிர்களை வையுங்கள். காய்களில் ஈயம் குறைவாகவே ஏறும்.

அடுத்து நிலப் பயன்பாட்டு விதியை எழுத வேண்டும். அதன் வாசகத்தில் பலர் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. விளைவிக்க அனுமதி இருக்கும். அதே இடத்தில் விற்க இருக்காது. கருவி வைக்கும் கொட்டகை, வேலி உயரம், உரக்குழி, விற்பனை மேசை நான்கையும் பெயர் சொல்லி எழுதுங்கள். அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரம் 2013-இல் கொண்டுவந்த விதி, ஒரு ஏக்கர் வரை தோட்டம், அதற்கு மேல் பண்ணை என்று பிரித்தது. சிறு தோட்டத்துக்கும் பெரிய பண்ணைக்கும் ஒரே நிபந்தனை போடாமலிருக்க நல்ல வழி இது.

குத்தகை 5 ஆண்டுக்குக் குறையக் கூடாது. மண் வளமாக இரண்டு மூன்று ஆண்டு பிடிக்கும். ஓராண்டுக் குத்தகையில் யாரும் தொழு உரம் கொட்ட மாட்டார்கள். நிலத்தைத் திரும்பப் பெற்றால் நிற்கும் பயிரை அறுக்க அவகாசம் தர வேண்டும் என்பதையும் எழுதிவிடுங்கள்.

வெயில் காலத்தில் ஒரு சதுர மீட்டர் பாத்திக்குத் தினமும் 5 லிட்டர் என்று கணக்கு வைத்தால், 300 சதுர மீட்டருக்கு 1,500 லிட்டர். 100 சதுர மீட்டர் கூரையில் 10 மி.மீ. மழை பெய்தால் ஏறக்குறைய 800 லிட்டர் கிடைக்கும். ஆகவே மழைத் தொட்டியை மட்டும் நம்ப முடியாது, குழாய் இணைப்பும் தேவை. இணைப்பில் ஒருவழி வால்வு கட்டாயம். இல்லையென்றால் தோட்டத்து நீர் குடிநீர்க் குழாய்க்குள் திரும்பலாம். மாடித் தோட்டமானால், ஈரமண் 10 செ.மீ. கனத்துக்கே சதுர மீட்டருக்குச் சுமார் 160 கிலோ வரும். கட்டமைப்புப் பொறியாளர் ஒப்புதல் இல்லாமல் அனுமதி தராதீர்கள்.

விளைந்ததை விற்கும் சந்தைக்குப் பேருந்து நிறுத்தத்திலிருந்து நடக்கும் தூரத்தில் இடம், நிழல், தண்ணீர், வடிகால், கழிப்பறை, விடியலில் சரக்கு இறக்க ஒரு ஓரம் இருந்தால் போதும்.

இவ்வளவு செய்தாலும் நகருக்குள் விளைவது பெரும்பாலும் கீரையும் காய்கறியும்தான். தானியமும் பாலும் வெளியிலிருந்தே வரும், அதில் ஒரு பங்கு நகர விளிம்பின் வயல்களிலிருந்து. அந்த வயல்களை மனைகளாக மாற்றுவதில் முன்னால் போவது அகலச் சாலையும் கழிவுநீர்க் குழாயும். அடுத்த 10 ஆண்டில் இவை எந்தக் கோடு வரை போகும் என்பதைத் திட்டத்திலேயே வரையுங்கள். கோட்டுக்கு வெளியே மனைப்பிரிவுக்கு விலக்கு தருவதானால், பொது விசாரணை நடத்தாமல் தரக் கூடாது என்ற நிபந்தனையையும் சேருங்கள்.