ஆன்லைனில் வீட்டுச் சாமான்: தள்ளுபடியில் வாங்கியும் காசு மிஞ்சாதது ஏன்?

ஆன்லைனில் வீட்டுச் சாமான் வாங்கி உண்மையிலேயே மிச்சம் பிடிப்பவர்களைக் கவனித்தால் ஒன்று புரியும். அவர்களுக்குத் தெருமுனை மளிகைக்கடை விலையும் பஜார் பாத்திரக்கடை விலையும் அத்துப்படியாக இருக்கும். துவரம்பருப்பு கிலோ என்ன, துணி பவுடர் கிலோ என்ன என்று கேட்டால் யோசிக்காமல் சொல்வார்கள். அதனால் ஆப்பில் ஒரு விலையைப் பார்த்ததுமே அது மலிவா, வெறும் பேச்சா என்று அவர்களுக்குத் தெரிந்துவிடும். கடை விலை மறந்துபோனவர்களுக்கு ஆப் காட்டும் சதவீதத்தை நம்புவதைத் தவிர வேறு வழியில்லை. கீழே சொல்லப்போகும் தவறுகளில் பாதி இங்கிருந்துதான் கிளைக்கின்றன.

வெட்டிய விலையை வைத்து மகிழ்வது

நான்ஸ்டிக் தவா ஒன்று. 1,999 ரூபாய் என்று போட்டு, அதன் மேல் ஒரு கோடு. பக்கத்தில் 599 ரூபாய், ‘70% தள்ளுபடி’. அந்தத் தவா எந்தக் காலத்திலாவது 1,999 ரூபாய்க்கு விற்றதா என்பதுதான் கேள்வி. எம்.ஆர்.பி. என்பது அதிகபட்ச சில்லறை விலை. அதற்கு மேல் விற்கக் கூடாது, அவ்வளவுதான் சட்டம். அதை எவ்வளவு உயரத்தில் வைப்பது என்பது பெரும்பாலான பொருள்களில் தயாரிப்பவர் கையில் இருக்கிறது. எல்லோரும் வாங்கும் சோப்பிலும் பற்பசையிலும் யாரும் 70 சதவீதம் தள்ளுபடி தருவதில்லை, பார்த்திருப்பீர்கள். அங்கே அச்சிட்ட விலைக்கும் விற்கும் விலைக்கும் தூரம் குறைவு. பெயர் கேள்விப்படாத பிராண்டு தவா, பெட்ஷீட், பிளாஸ்டிக் டப்பா செட் ஆகியவற்றில்தான் இந்தப் பெரிய சதவீதங்கள் எல்லாம் வரும்.

அந்தக் கோடு போட்ட எண்ணைக் கையால் மறைத்துவிட்டு மீதியைப் பாருங்கள். 599 ரூபாய்க்கு இந்தத் தவா தகுமா? இதே அளவு தவா கடையில் என்ன விலை? வேறு இரண்டு தளங்களில் என்ன விலை? பெரிய சாமான் என்றால் விலை ஏறி இறங்கிய வரலாற்றைக் காட்டும் இலவசத் தளங்கள் இருக்கின்றன, அதிலும் ஒரு பார்வை பார்த்துவிடலாம். தீபாவளி விற்பனைக்குச் சில வாரங்கள் முன்பே வேண்டிய பொருளைக் கார்ட்டில் போட்டு, அன்றைய விலையை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வைப்பவர்களும் உண்டு. விற்பனை நாளில் ‘சிறப்பு விலை’ என்று அதே விலை வந்து நிற்பதை அவர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள்.

இன்னொன்று. 2025 செப்டம்பர் 22 முதல் குளியல் சோப்பு, ஷாம்பு, பற்பசை, தலைக்குத் தேய்க்கும் எண்ணெய் ஆகியவற்றின் ஜி.எஸ்.டி. 18 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. வரியோடு 118 ரூபாய்க்கு விற்றது 105க்கு வர வேண்டும். கணக்குப் போட்டால் ஏறக்குறைய 11 சதவீதம். பழைய விலையை வெட்டிக் காட்டி ‘10 சதவீதம் தள்ளுபடி’ என்று எங்காவது போட்டிருந்தால், அதில் கடைக்காரர் தம் கையிலிருந்து கொடுத்தது ஒன்றுமில்லை.

பெரிய பாக்கெட் மலிவு என்று நினைப்பது

பொதுவாக அப்படித்தான். ஆனால் ஆன்லைனில் எப்போதும் அப்படி இல்லை. துணி பவுடர் 4 கிலோ 540 ரூபாய், 1 கிலோ 128 ரூபாய் என்று இருந்தால் பெரிய பாக்கெட்டில் கிலோவுக்கு 7 ரூபாய் கூடுதல். ‘காம்போ’, ‘ஃபேமிலி பேக்’ என்று பெயர் வைத்துவிட்டால் யாரும் வகுத்துப் பார்ப்பதில்லை.

முன்பு பிஸ்கட், எண்ணெய், டீத்தூள் போன்ற பல பொருள்களை இன்னின்ன அளவில்தான் பாக்கெட் போட வேண்டும் என்று விதி இருந்தது. அதை எடுத்துவிட்டார்கள். அதற்குப் பதிலாக, ஒரு கிராம் அல்லது ஒரு கிலோ என்ன விலை என்பதைப் பாக்கெட்டில் அச்சிட வேண்டும் என்று கொண்டுவந்தார்கள். எம்.ஆர்.பி.க்குப் பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கும். கடையில் அதைத் திருப்பிப் பார்க்கலாம். ஆப்பில், பாக்கெட்டின் பின்பக்கப் படத்தைப் பெரிதாக்கிப் பார்க்கும் பொறுமை வேண்டும்.

சமையல் எண்ணெயில் இது ரொம்ப முக்கியம். ஒரு லிட்டர் எண்ணெய் சுமார் 910 கிராம் எடை. லிட்டரில் அளவு போட்ட பாக்கெட்டும், கிராமில் மட்டும் அளவு போட்ட பாக்கெட்டும் ஒரே உயரத்தில், ஒரே நிறத்தில் படமாக நிற்கும். விலை 8 ரூபாய் குறைவாக இருக்கிறதே என்று எடுத்தால் உள்ளே 850 கிராம்தான் இருக்கும். அரிசி மூட்டைக்கும் ஒரு கதை உண்டு. 2022 ஜூலையில் 25 கிலோ வரையிலான பாக்கெட் அரிசிக்கு 5 சதவீத ஜி.எஸ்.டி. வந்ததும், ஆலைக்காரர்கள் 26 கிலோ மூட்டை போடத் தொடங்கினார்கள். ஆக, ஒரு தளத்தில் 25 கிலோவும் இன்னொன்றில் 26 கிலோவும் இருக்கும். மூட்டை விலையை ஒப்பிட்டால் தப்புக் கணக்குதான்.

எடை பார்க்காமல் பாத்திரம் வாங்குவது

எவர்சில்வர் கடையில் அண்டா, குண்டானைத் தராசில் வைத்து எடைபோட்டுத்தான் விலை சொல்வார்கள். கிலோவுக்கு இவ்வளவு என்று கணக்கு. தகடு கனமா, மெலிதா என்பதைக் கை சொல்லும். தட்டினால் சத்தம் சொல்லும். ஆன்லைன் படத்தில் கையும் இல்லை, காதும் இல்லை. விளம்பரத்தில் ‘ஹெவி’ என்று இருக்கும், அதை யாரும் நிறுத்துப் பார்த்து எழுதுவதில்லை.

செய்ய வேண்டியது இதுதான். பொருள் விவரத்தில் எடை போட்டிருக்கிறதா என்று தேடுங்கள். இருந்தால் விலையை எடையால் வகுத்து, கடையின் கிலோ விலையோடு ஒப்பிடுங்கள். சில இடங்களில் பெட்டியோடு சேர்த்த எடையைப் போட்டுவிடுவார்கள், அதையும் கவனிக்க வேண்டும். எடையே போடவில்லையா, அந்தப் பாத்திரத்தை விட்டுவிடலாம். வார்ப்பிரும்பு தோசைக்கல்லுக்கும் இதே கதைதான். 10 அங்குலக் கல் ஒன்று ஒன்றரைக் கிலோவும் இன்னொன்று இரண்டரைக் கிலோவும் இருந்தால், தோசை எதில் நன்றாக வரும் என்பதைச் சமைப்பவரிடம் கேளுங்கள்.

அளவும் அப்படியே. 18 டப்பா செட் 499 ரூபாய் என்ற படத்தில் டப்பாக்கள் ஒவ்வொன்றும் அரைக்கிலோ பருப்புக்குப் போதும்போல் தெரியும். விவரத்தில் 200 மி.லி. என்று இருக்கும். அதில் கடுகு போடலாம். தட்டு 22 செ.மீ. என்றால் சாப்பாட்டுத் தட்டு இல்லை, டிஃபன் தட்டு. ஒரு அளவு நாடாவை எடுத்து, வீட்டில் இருக்கும் தட்டை அளந்துவிட்டு ஆர்டர் போட்டால் பாதி ரிட்டர்ன் மிச்சம்.

கடைசிப் பக்கத்தைப் படிக்காமல் பணம் கட்டுவது

விலை ஒரு பக்கத்தில், பில் வேறு பக்கத்தில். நடுவே ஹேண்ட்லிங் கட்டணம், பிளாட்ஃபார்ம் கட்டணம், கேஷ் ஆன் டெலிவரிக்குத் தனிக் கட்டணம் என்று ஏறிக்கொண்டே போகும். பத்து நிமிடத்தில் கொண்டுவரும் ஆப்களில் மழை நேரத்துக்கு ஒரு கட்டணம், சின்ன ஆர்டருக்கு ஒரு கட்டணம். 45 ரூபாய் கொத்தமல்லி, தயிருக்கு 30 ரூபாய் கட்டணம் கட்டுவதற்கு அண்ணாச்சி கடைக்கு நடந்துவிடலாம். இலவச டெலிவரிக்கு இன்னும் 60 ரூபாய் குறைகிறது என்று சொன்னதும் தேவையில்லாத ஒரு சிப்ஸ் பாக்கெட்டைச் சேர்ப்பது இதைவிட மோசம்.

‘2 மட்டுமே மீதம்’, ‘இன்னும் 9 நிமிடம்’ என்ற அவசரப்படுத்தல், கேட்காமலே கார்ட்டில் ஏறிய வாரன்டி திட்டம், கடைசியில் எட்டிப்பார்க்கும் கட்டணம் ஆகியவற்றை மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் ஏமாற்று உத்திகள் என்று பட்டியலிட்டுத் தடை செய்தது. பட்டியலில் மொத்தம் 13 உத்திகள். தடை இருக்கிறது என்பதற்காக மறைந்துவிடவில்லை. பணம் கட்டும் முன் ஒவ்வொரு டிக்கையும் பார்த்து எடுத்துவிடுவது நம் வேலைதான்.

வங்கி அட்டை ஆஃபரில் ‘10 சதவீதம்’ பெரிய எழுத்தில் இருக்கும், ‘அதிகபட்சம் 1,500 ரூபாய்’ சின்ன எழுத்தில் இருக்கும். 30,000 ரூபாய் வாஷிங் மெஷினுக்கு அது 5 சதவீதம்தான்.

‘நோ காஸ்ட் இ.எம்.ஐ.’ பற்றித்தான் நிறையப் பேருக்குத் தெரியவில்லை. வட்டியே இல்லை என்று பொருள் இல்லை. வங்கி வட்டி போடுகிறது; விற்பவர் அந்த வட்டி அளவுக்கு விலையில் தள்ளுபடி தருகிறார். ஆனால் வட்டியின் மீது 18 சதவீத ஜி.எஸ்.டி. உண்டு, செயலாக்கக் கட்டணமும் உண்டு, அதற்கும் ஜி.எஸ்.டி. உண்டு. 24,000 ரூபாய் ஃப்ரிட்ஜ், 6 மாதம், 16 சதவீத வட்டி, 199 ரூபாய் கட்டணம் என்று வைத்துக்கொண்டால், கூடுதலாக ஏறக்குறைய 430 ரூபாய் போகும். மொத்தமாகப் பணம் கட்டினால் கிடைக்கும் தள்ளுபடி இ.எம்.ஐ.க்குக் கிடைக்காமல் போனால் அது வேறு. கையில் பணம் இல்லாதபோது 430 ரூபாய் பெரிதில்லை, சரி. இலவசம் என்று நினைத்து எடுப்பதுதான் தப்பு.

முத்திரையையும் நட்சத்திரத்தையும் மறப்பது

பிரஷர் குக்கருக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை 2021 முதல் கட்டாயம். அயர்ன் பாக்ஸ், வாட்டர் ஹீட்டர், தண்ணீரில் போடும் ஹீட்டர் கம்பி ஆகியவற்றுக்கு அதற்கும் முன்பிருந்தே கட்டாயம். ஆனாலும் முத்திரை இல்லாத குக்கர்களைத் தங்கள் தளத்தில் விற்க விட்டதற்காக, நாடறிந்த ஆன்லைன் தளங்கள் சிலவற்றுக்கு 2022ல் தலா 1 லட்சம் ரூபாய் அபராதம் போட்டு, வாங்கியவர்களுக்குப் பணத்தைத் திருப்பித் தரச் சொன்னது அதே ஆணையம். ஆக, பெரிய தளம் என்பது மட்டும் உத்தரவாதம் ஆகாது. முத்திரைக்குக் கீழே சி.எம்/எல் என்று தொடங்கும் உரிம எண் இருக்கும். பி.ஐ.எஸ். கேர் என்ற அரசு ஆப்பில் அதைப் போட்டால் எந்தக் கம்பெனி, எந்தப் பொருள், உரிமம் உயிரோடு இருக்கிறதா என்று காட்டும். குக்கரில் 300 ரூபாய் மிச்சம் பிடிக்கப்போய் மூடி பறந்தால் யார் பொறுப்பு?

ஏ.சி., ஃப்ரிட்ஜில் நட்சத்திரத்தோடு வருடத்தையும் பாருங்கள். நட்சத்திர அளவுகோலைச் சில ஆண்டுக்கு ஒருமுறை இறுக்குவார்கள். 2022 ஜூலையில் இறுக்கியபோது, அதுவரை 5 நட்சத்திரமாக இருந்த ஏ.சி. 4 நட்சத்திரம் ஆனது. மலிவாகத் தள்ளிவிடும் பழைய சரக்கில் பழைய லேபிள் இருக்கலாம். ஆண்டுக்கு எத்தனை யூனிட் என்று லேபிளில் போட்டிருப்பதை ஒப்பிட்டால் ஏமாற மாட்டீர்கள். ஏ.சி. விலையில் செம்புக் குழாய், ஸ்டாண்ட், மாட்டும் கூலி சேர்ந்திருக்கிறதா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

பொருள் வந்ததும் பெட்டியைப் பிய்த்துப் போடுவது

விலை கூடிய பொருள் என்றால் பெட்டியின் ஆறு பக்கத்தையும், ஒட்டிய லேபிளையும் காட்டி, பிரிப்பதை நிறுத்தாமல் ஒரே வீடியோவாக எடுத்துவிடுங்கள். டெலிவரி செய்பவரே பெட்டியைத் திறந்து காட்டும் வசதி இருந்தால், பொருளைப் பார்த்த பிறகுதான் ஓ.டி.பி. சொல்ல வேண்டும். டெலிவரி தம்பி அவசரப்படுத்துவார். அவருக்கு நாள் முழுக்க அலைச்சல், பாவம்தான், இருந்தாலும் இரண்டு நிமிடம் நிற்கச் சொல்லலாம்.

‘ரிட்டர்ன் கிடையாது’ என்று போட்டிருந்தால் எல்லாம் முடிந்தது என்று விட்டுவிடாதீர்கள். 2020ல் வந்த மின்வணிக விதிகளின்படி, உடைந்த பொருளையோ விளம்பரத்தில் சொன்னதற்கு மாறான பொருளையோ திரும்ப எடுக்க மாட்டேன் என்று விற்பவர் சொல்ல முடியாது. புகார் வந்ததை 48 மணி நேரத்தில் ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். நடக்கவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. ஆர்டர் எண், பில், வீடியோ மூன்றும் கையில் இருந்தால் பேச்சு சுருக்கமாக முடியும்.

கஸ்டமர் கேர் எண்ணைக் கூகுளில் தேடிக் கூப்பிடுவது மட்டும் வேண்டவே வேண்டாம். தேடலில் மேலே நிற்பது மோசடிக்காரர் எண்ணாக இருக்கலாம். ஆப்புக்குள்ளேயே உதவிப் பகுதி இருக்கிறது. பணம் திரும்ப வருவதற்கு யு.பி.ஐ. பின் எண் தேவையே இல்லை. கேட்டால் போனை வைத்துவிடுங்கள். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண் 1930.

எல்லாவற்றையும் ஆன்லைனிலேயே வாங்குவது

டயப்பர், துணி பவுடர், ஃபில்டர் கேண்டில், மிக்ஸி ஜார், குக்கர் கேஸ்கட் போன்று பெயரும் மாடல் எண்ணும் சரியாகத் தெரிந்த பொருள்களில் ஆன்லைன் பெரும்பாலும் ஜெயிக்கும். சின்ன ஊரில் கேஸ்கட் அளவு கிடைக்காமல் நான்கு கடை அலைவதற்கு இது எவ்வளவோ மேல். கோடை முடிந்ததும் ஃபேனும், பழைய மாடல் மிக்ஸியும் நல்ல விலையில் வரும்.

மெத்தை, தலையணை, எவர்சில்வர், கத்தி, அரிவாள்மனை இவற்றுக்குக் கடைதான். வெட் கிரைண்டர் இரண்டுக்கும் நடுவே நிற்கிறது. கோயம்புத்தூர் கிரைண்டர்களின் பெரிய பிராண்டுகள் ஆன்லைனில் 1,000, 1,500 ரூபாய் குறைவாகவே கிடைக்கின்றன. ஆனால் அது 15 வருடம் ஓட வேண்டிய சாமான். பெல்ட் அறும், கல் தேயும், டிரம் அடியில் கசியும். வாங்கும் முன் உங்கள் ஊர் ரிப்பேர் கடைக்காரரிடம், “அண்ணே, இந்தக் கம்பெனிக்கு பெல்ட் வெச்சிருக்கீங்களா?” என்று ஒரு வார்த்தை கேளுங்கள். அவர் உதட்டைப் பிதுக்கினால் வேறு கம்பெனி பார்க்கலாம்.