மலைக்குளிரில் டீசல் ஜீப் கிளம்ப மறுத்தால்

எங்கள் பழைய டீசல் ஜீப் இரவில் நிற்பது ஜவ்வாது மலையில், புதூர்நாட்டில். விடிந்ததும் சாமையோ புளியோ ஏற்றிக்கொண்டு திருப்பத்தூருக்கு இறங்க வேண்டும். வேலூர்ப் பக்கம் என்றாலே எல்லோருக்கும் வெயில்தான் நினைவுக்கு வரும். மார்கழி, தை விடியற்காலையில் மலைமேல் வந்து பார்த்தால் கதை வேறு. மேகம் இல்லாத இரவில் தரையின் சூடெல்லாம் மேலே போய்விடும். தெளிந்த வானம் கிடைக்கும் என்றுதான் இதே மலையில் உள்ள காவலூரில் வானாய்வகம் கட்டினார்கள். அதே வானம்தான் என் எஞ்சினை விறைக்க வைக்கிறது.

குளிரில் வரும் கோளாறைக் குளிரிலேயே பார்க்க வேண்டும். இது தெரியாமல் எனக்கு இரண்டு குளிர்காலம் வீணானது. எப்படியோ தள்ளிக் கிளப்பி, மலை இறங்கி, பதினோரு மணிக்குப் பட்டறையில் விடுவேன். எஞ்சின் சூடாக இருக்கும். சாவியைத் திருப்பினால் பட்டென்று பிடித்துக்கொள்ளும். "நல்லாத்தானே இருக்குண்ணே" என்பார்கள். பேட்டரி மாற்றினேன், எஞ்சினைச் சுற்றிவிடும் செல்ஃப் மோட்டாரைப் பிரித்துப் பிரஷ் மாற்றினேன். மறுநாள் காலை அதே கதைதான்.

அதனால் முந்தின இரவே ஒரு மல்டிமீட்டர், இரண்டு ஒயர் வைத்த 12 வோல்ட் பல்பு, டார்ச் மூன்றையும் எடுத்து வையுங்கள். துணைக்கு ஒரு ஆள் வேண்டும். காலையில் சாவியைத் தொடும் முன் பேட்டரியை அளக்கவும். 12.6 வோல்ட் என்றால் முழு சார்ஜ், 12.2 என்றால் பாதிதான் இருக்கிறது. அப்புறம் துணை ஆள் செல்ஃப் அடிக்கட்டும், நீங்கள் சைலன்சர் பக்கம் நில்லுங்கள். காதும் கண்ணும் சொல்வதை வைத்துத்தான் வழி பிரியும்.

எஞ்சின் இழுத்து இழுத்துச் சுற்றுகிறதா? சுற்றும்போது பேட்டரி 9.6 வோல்ட்டுக்குக் கீழே போனால் முதலில் முழு சார்ஜ் போட்டு மறுபடி அளக்கவும். அப்போதும் இறங்கினால் பேட்டரியை மாற்ற வேண்டியதுதான். 10க்கு மேலேயே நின்றும் மெதுவாகச் சுற்றினால் ஒயரைச் சந்தேகப்படுங்கள். எஞ்சின் பிடித்துவிடாதபடி, டீசலை நிறுத்தும் ஸ்டாப் நாபை இழுத்துப் பிடித்துக்கொண்டு செல்ஃப் அடிக்கச் சொல்லி, மீட்டரின் ஒரு முனையை எஞ்சின் பிளாக்கிலும் மறுமுனையைப் பேட்டரியின் நெகடிவ் முனையிலும் வையுங்கள். அரை வோல்ட்டைத் தாண்டினால் எர்த், அதாவது எஞ்சினிலிருந்து பேட்டரி நெகடிவுக்குத் திரும்பும் இணைப்பு, சரியில்லை. என் ஜீப்பில் ஒரு வோல்ட்டுக்கும் மேல் காட்டியது. எஞ்சினிலிருந்து சேசிஸுக்கு வரும் பின்னல் பட்டைக்கு அடியில் துருவும் சேறும் அப்பிக் கிடந்தன. உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, இறுக்கி, மேலே வாசலின் தடவினேன். புது பேட்டரி வாங்கும் முன் இந்த ஒரு அளவை எடுத்திருக்கலாம் என்று இன்றும் மனம் அடித்துக்கொள்கிறது.

வேகமாகச் சுற்றியும் பிடிக்கவில்லை, ஆனால் வெள்ளைப் புகை காரமாக வருகிறது என்றால் டீசல் உள்ளே போகிறது, சூடுதான் போதவில்லை. கிளம்பும் முன் எஞ்சினுக்குள் சூடேற்றும் ஹீட்டர் பிளக்கைப் பாருங்கள். நான்கு பிளக்கையும் இணைக்கும் பட்டையைக் கழற்றி, பல்பின் ஒரு ஒயரைப் பேட்டரி பாசிட்டிவிலும் மற்றதைப் பிளக்கின் தலையிலும் வையுங்கள். பல்பு எரியாத பிளக் செத்துவிட்டது. நான்கிலும் எரிந்தால், ஹீட்டர் போடும்போது அந்தப் பட்டைக்குக் கரண்ட் வருகிறதா என்று பாருங்கள். வராவிட்டால் ரிலேயோ பியூஸோ போயிருக்கும். பழைய பிளக்கைக் குளிர்ந்த எஞ்சினில் முறுக்கிக் கழற்றாதீர்கள். உடைந்து ஹெட்டுக்குள் மாட்டினால் பெரிய வேலை.

புகையே வரவில்லையா? டீசலே போகவில்லை. பெரும்பாலும் டீசல் பைப்பில் ஏர் பிடித்திருக்கும், அதாவது காற்று புகுந்திருக்கும். டேங்கிலிருந்து டீசலை இழுக்கும் ஃபீட் பம்ப் வரை உள்ள பைப்பில் ஓட்டை இருந்தால் டீசல் வெளியே சொட்டவே வேண்டியதில்லை. அந்தப் பக்கம் உறிஞ்சும் பக்கம், காற்றைத்தான் இழுக்கும். இரவு முழுக்க நிற்கும்போது டீசல் மெல்ல டேங்குக்கே இறங்கிவிடும். மறுநாள் செல்ஃப் அடிக்கும் முன் டீசலைக் கையால் ஏற்றும் ஹேண்ட் பம்ப்பைக் கை இறுகும் வரை அடித்துப் பாருங்கள். எஞ்சின் உடனே பிடித்தால் காற்றுதான், சந்தேகமே வேண்டாம். ஃபில்டருக்கு முன்னால் ஒரு அடி கண்ணாடிக் குழாய் போல் தெரியும் டியூபை மாட்டினால் குமிழி ஓடுவது கண்ணுக்கே தெரியும். எனக்கு டேங்குக்கு மேலே ரப்பர் ஹோஸில், கிளிப்புக்கு அடியில் வெடிப்பு. வளைத்துப் பார்க்கும் வரை தெரியவே இல்லை. ஹோஸை மாற்றும்போது செம்பு வாஷர்களையும் புதிதாகப் போடுங்கள். சரிசெய்யும் வரை, டேங்க் பின்னால் இருக்கும் வண்டியை மூக்கு பள்ளத்தைப் பார்க்க நிறுத்தினால் கொஞ்சம் தாக்குப் பிடிக்கும்.

ஃபில்டரில் தேங்கிய தண்ணீரைத் திறந்து விடுவது, கெட்டியாகிப்போன ஆயிலை மாற்றுவது எல்லாம் எப்படியும் செய்ய வேண்டியவை.

ஒன்று மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். ஏர் ஃபில்டர் வாயில் துணியைக் கொளுத்திக் காட்டுவது, பெட்ரோல் தெளிப்பது, ஸ்டார்ட்டிங் ஸ்பிரே அடிப்பது வேண்டவே வேண்டாம். உள்ளே ஹீட்டர் பழுத்திருக்கும்போது அது வெடிக்கும்; ரிங் உடையும், முகமும் கருகும். செல்ஃபையும் பத்து விநாடிக்கு மேல் அடிக்காமல், நடுவில் ஒரு நிமிடம் ஆறவிடுங்கள்.

எல்லாம் சரியாக இருந்தும் வெள்ளைப் புகையோடு திணறினால் டீசலைத் தெளிக்கும் நாசிலும், சிலிண்டரில் காற்று அழுந்தும் கம்ப்ரஷனும்தான் மிச்சம். அது பட்டறை வேலை. சாயந்தரமே கொண்டுபோய் விட்டு, இரவு அங்கேயே நிற்கட்டும் என்று சொல்லுங்கள். காலையில் எடுத்த வோல்ட் அளவு, புகையின் நிறம், எத்தனாவது சுற்றில் பிடித்தது எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிச் சாவியோடு கொடுங்கள்.