தரத்தைக் கேட்காதீர்கள், வாசிக்கச் சொல்லிப் பாருங்கள்

2022 ஜூலையில் எரிபொருள் இல்லாமல் கொழும்புப் பள்ளிக்கூடங்கள் மூடிக் கிடந்தபோது, நகரத்தின் வடக்கே மட்டக்குளியில் ஒரு தோட்டத்து (நெருக்கமான வீடுகள் உள்ள குடியிருப்பு) பிள்ளைகளுக்கு வாசிக்கச் சொல்லிக்கொடுக்கப் போனோம். முதல் வாரம் முழுக்க நான் ஒரே தவறைத்தான் செய்தேன். "எத்தனையாம் தரம்?" என்று கேட்டு, அந்தத் தரத்துத் தமிழ்ப் புத்தகத்தை விரித்தேன். தரம் 4 பிள்ளை ஒருத்தி பக்கத்தைப் பார்த்தபடி கடகடவென்று சொன்னாள். நடுவில் ஒரு சொல்லில் விரலை வைத்து, இது என்ன என்றேன். விழித்தாள். பாடம் மனப்பாடம், எழுத்துத் தெரியாது. 2020 மார்ச்சில் கொரோனாவுக்காகப் பள்ளிக்கூடம் மூடியபோது அவள் தரம் 2. எழுத்துக் கூட்டப் பழகும் வயதே வீட்டுக்குள் போய்விட்டது.

அதனால் முதல் நாள் புத்தகமே வேண்டாம். சில எழுத்துகள், சில சொற்கள், ஒரு சின்னப் பந்தி, ஒரு குட்டிக் கதை. எதில் தடுக்குகிறது என்று ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். இந்தியாவில் பிரதம் என்ற கல்வித் தொண்டு அமைப்பு இப்படித்தான் பார்த்து, வகுப்பை விட்டு வாசிப்பு நிலைப்படி பிள்ளைகளைச் சேர்க்கிறது. ஆனால் பத்து வயதுப் பிள்ளையை ஆறு வயதுப் பிள்ளைகளோடு உட்கார வைத்தால் கூசிப்போகும். அவனுக்குக் குழந்தைப் பாட்டு வேண்டாம். பஸ் பலகையையும் பிஸ்கட் பைக்கற்றையும் வாசிக்கக் கொடுங்கள்.

அடுத்த தவறு, 247 எழுத்தையும் வரிசையாக முடித்த பிறகுதான் சொல் என்று நினைப்பது. பள்ளிக்கூடம் எப்போது திறக்கும் என்று தெரியாத நேரத்தில் அவ்வளவு நாள் நமக்கு இல்லை. ப, ட, ம, ஒரு புள்ளி, ஒரு அரவு (ா) போதும்: படம், பாடம், பட்டம், மாமா. முதல் நாளே ஒரு சொல்லைத் தானாக வாசித்த பிள்ளை மறுநாள் கேட்காமலே வரும்.

கொம்பில்தான் பலரும் விழுகிறார்கள். 'கொ'வைப் பாருங்கள். கண்ணுக்கு முதலில் கொம்பு, பிறகு க, பிறகு அரவு. வாயோ க-வில் தொடங்கவேண்டும். இடமிருந்து வலமாகப் பிடித்துக்கொண்டு வரும் பிள்ளைக்கு இது பெரிய குழப்பம். "கவனமில்லை" என்று அதட்டாதீர்கள். க, கெ, கே, கொ, கோ என்று அட்டையில் எழுதி, கொம்பையும் அரவையும் வெட்டி வைத்து, பிள்ளையே நகர்த்தட்டும்.

பத்துத் தடவை பார்த்து எழுதச் சொல்வதும் வீண். கொப்பி அழகாக இருக்கும். எழுதியதை வாசிக்கச் சொன்னால் தெரியாது.

வீட்டுப் பேச்சைத் திருத்தப் போகாதீர்கள். 'வாப்பா' என்று சொல்லும் பிள்ளை முதலில் 'வாப்பா' என்றே எழுதட்டும், 'அப்பா' பிறகு வரும். விளையாட்டில் சிங்களம் பேசுகிற பிள்ளைக்குச் சில தமிழ்ச் சொற்களின் பொருளே தெரியாமல் இருக்கலாம். அப்படியானால் முதலில் பொருள், அப்புறம் எழுத்து.

வாட்ஸ்அப்பில் பாடம் அனுப்பிவிட்டு முடிந்தது என்று இருக்காதீர்கள். பல வீடுகளில் இருக்கிற ஒரே போன் காலையில் அப்பாவோடு வேலைக்குப் போய்விடும். பிள்ளையோடு தனியாக வீட்டுக்குள் உட்காராதீர்கள். பெரியவர் யாராவது பார்க்கும்படி திறந்த இடத்தில் நடத்துங்கள். படம் எடுத்துப் போடுவதும் வேண்டாம்.

கடைசியாக ஒன்று, எங்களை இன்னும் உறுத்துவது. அந்த மாதக் கடைசியில் பள்ளிக்கூடம் திறந்ததும், சரி, இனி அவர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்று நிறுத்திவிட்டோம். அந்தப் பிள்ளை அப்போதுதான் சின்னச் சொற்களைக் கூட்டத் தொடங்கியிருந்தாள். பள்ளிக்கூடத்தில் அவளுக்கு முன்னால் மறுபடியும் அதே தரம் 4 புத்தகம். இரண்டு கிழமை கழித்து அவளுடைய அம்மா வந்து கேட்ட பிறகுதான் சனிக்கிழமை வகுப்பைத் தொடங்கினோம்.