‘டீவிட்ரிஃபைட்’: எந்த மங்கலுக்கு இந்தச் சொல்?
மங்கிப்போன கண்ணாடியை எல்லாம் ஆங்கிலத்தில் ‘டீவிட்ரிஃபைட்’ என்று எழுதிவிடாதீர்கள். அதிகச் சூட்டில் நெடுநேரம் இருந்தாலோ மிக மெதுவாக ஆறினாலோ கண்ணாடியில் நுண்ணிய படிகங்கள் உருவாகலாம்; ஒளி சிதறி, தெளிவு போய்விடும். அந்த மாற்றத்துக்கு உரிய சொல் இது. லத்தீனில் ‘விட்ரும்’ என்றால் கண்ணாடி. ஆக, கண்ணாடித் தன்மையை இழந்தது என்று நினைவில் வைத்துக்கொள்ளலாம். அப்சிடியன் என்ற கருநிற எரிமலைக் கண்ணாடி சிலவற்றில் பனிச்செதில் போல வெள்ளைத் திட்டுகள் இருக்குமே, அவை இப்படி உருவானவைதான். எவ்வளவு அழகான உதாரணம்!

மற்றபடி, நீராவி படிந்த கண்ணாடிக்கு ‘மிஸ்டி’ போதும். உப்புப் படிவு என்றால் ‘கிளவுடி’. கண்ணின் லென்ஸ் மங்கினால் மருத்துவர்கள் ‘ஒபாசிஃபைட்’ என்று எழுதுவார்கள்.